நேராகும் நடை

குழந்தை தவழ்ந்து, எழுந்து, சுவரைப் பற்றி நின்று, பின்னர்ப் பற்றிய கையை விட்டு முதலடி எடுத்துவைக்கும் நாள் ஒரு வீட்டிற்குத் திருநாளாகும். பாட்டி கண்ணேறு கழிப்பார். தந்தை சற்றுத் தொலைவில் அமர்ந்து இரு கைகளையும் நீட்டி அழைப்பார். அம்முதல் அடிகளில் தள்ளாட்டம் இருப்பது இயல்பு. ஆதலின், தள்ளாட்டத்திற்கும் நொண்டலுக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. ஓராண்டு கழிந்த பின்னும் குழந்தை வாத்தைப் போல் உடலை ஒருபுறம் சாய்த்துச் சாய்த்து நடக்கும்போதுதான் ஐயம் பிறக்கிறது. அதற்குள் அரிய காலம் கைநழுவி விடுகிறது. இடுப்பு மூட்டின் குறைபாட்டில் நோயைவிடக் கொடிய பகை காலம்தான்.

இடுப்பு மூட்டின் அமைப்பு மிக எளிமையானது. தொடையெலும்பின் மேல்முனை பந்து போன்று உருண்டிருக்கிறது. இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் ஒன்று குழிந்திருக்கிறது. பந்து கிண்ணத்தினுள் சுழல்கிறது. மனிதன் நடக்கிறான், குந்துகிறான், சம்மணமிட்டு அமர்கிறான். ஆயின், பிறந்த குழந்தையிடம் இப்பந்தும் கிண்ணமும் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. கிண்ணம் ஒரே எலும்பால் ஆனதுமன்று. மூன்று எலும்புகள் அதன் நடுவே ஒரு முச்சந்தியில் கூடுகின்றன. அம்முச்சந்தியிலுள்ள குருத்து வளர வளரக் கிண்ணம் ஆழமாகிறது. வளர்ச்சி முற்றுப்பெற்று மூன்றும் ஒன்றாக இறுகுவதற்குப் பதினான்கு, பதினைந்து வயதாகிவிடும்.

இங்கேதான் வியப்புக்குரிய ஓர் உண்மை இருக்கிறது. கிண்ணம் தானாகவே ஆழமாவதில்லை. பந்து அதனுள் அமர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் அது குழிந்து உருப்பெறும். குயவன் கைவிரல் படாத களிமண் கலயமாவதில்லை. பந்து வெளியே விலகிக் கிடந்தால் கிண்ணம் ஆழமற்றுத் தட்டையாகிவிடும். உள்ளிருக்கும் வெற்றிடத்தைக் கொழுப்பும் தசைநாரும் அடைத்துக்கொள்ளும். பந்தும் உருண்டை வடிவை இழக்கும். ஒன்றின் குறை மற்றொன்றைக் கெடுக்க, அக்கேடு முதற்குறையை மேலும் பெருக்குகிறது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இடுப்பு முழுமையாக விலகியிருக்கும் என்பர். அவர்களுள் பெண் குழந்தைகளே மிகுதி. வலப்பக்கத்தைவிட இடப்பக்கமே பெரிதும் தாக்குறுகிறது. கருப்பையில் தலைகீழாகத் திரும்பாமல் அமர்ந்த நிலையில் இருந்த குழந்தைகளுக்கும், தலைச்சன் பிள்ளைகளுக்கும் இதற்கான வாய்ப்பு கூடுதல்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் உடல் முழுவதும் ஒற்றைக்காலில் நிற்கிறது. அக்கணத்தில் இடுப்பு மறுபுறம் சரிந்துவிடாமல் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், பந்தின்மேல் ஏறும் சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. பந்து இடம் மாறிய குழந்தையிடம் இத்தசைகள் பிடிமானம் இழக்கின்றன. இடுப்பு மறுபுறம் சரிகிறது. விழாமலிருக்க உடல் இப்புறம் சாய்கிறது. 1895ஆம் ஆண்டில் டிரெண்டலன்பர்க் என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதனை விளக்கினார். இன்றும் எலும்பு மருத்துவர்கள் பிள்ளையை ஒற்றைக்காலில் நிற்கச்சொல்லி இடுப்பின் சரிவைப் பார்க்கின்றனர். கருவி ஏதும் வேண்டாத சோதனை இது.

பிறவியிலேயே இடுப்பு விலகும் செய்தி பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே குறிக்கப்பட்டுள்ளது. எனினும், அதனைத் திருத்தலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அந்நம்பிக்கையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் வியன்னா நகரத்து மருத்துவர் அடோல்ப் லோரன்ஸ். அவர் அறுவை மருத்துவராகவே பயின்றவர். ஆனால், அக்காலத்தில் கிருமி கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் அவர் தோலுக்கு ஒவ்வவில்லை. கைகள் புண்ணாயின. கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. வேறொருவராயின் தொழிலையே கைவிட்டிருப்பார். அவரோ கத்தியின்றிக் கைவலியாலேயே எலும்பைத் திருத்தும் வழியைத் தேடினார். மயக்கமுற்ற குழந்தையின் காலை இழுத்து, அகட்டி, பந்தைக் கிண்ணத்தினுள் தள்ளி, இரு கால்களையும் தவளையைப் போல் விரித்து மாவுக்கட்டுப் போட்டுப் பல மாதங்கள் வைத்திருப்பது அவர் முறை. "இரத்தமில்லா அறுவை மருத்துவர்" என்று உலகம் அவரைப் போற்றியது. 1902ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்துச் செல்வர் ஒருவர் தம் மகளுக்கு மருத்துவம் செய்ய அவரை அட்லாண்டிக் கடல் கடந்து வரவழைத்தார். அவர் வருகையைக் கேள்வியுற்ற ஏழைப் பெற்றோர் தத்தம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடித் திரண்டனர். (வாத்துநடையைத் திருத்திய இவருடைய மகனே, வாத்தினப் பறவைகளின் இயல்பை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசில் பங்குபெற்ற கொன்ராட் லோரன்ஸ். குடும்பங்களில் இப்படியும் ஒரு பொருத்தம் அமைந்துவிடுகிறது!)

புகழ் ஒருபுறமிருக்க, அம்முறையின் விலை பின்னரே தெரியவந்தது. பந்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் நூலிழை போன்றவை. தொடையெலும்பின் கழுத்தைச் சுற்றி மேலேறுபவை. காலை வலிந்து அகட்டி வைத்தால் அவை நெரிபடும். பந்து கிண்ணத்தினுள் அமர்ந்துவிடும். ஆனால், இரத்தமின்றி உள்ளேயே மடியும். எக்ஸ்ரே படங்களில் நொறுங்கிய பந்துகளைக் கண்ட பிறகே மருத்துவ உலகம் தன் கையின் வன்மையை எண்ணித் திடுக்கிட்டது. லோரன்ஸைக் குறைகூற இடமில்லை. அவர் தோன்றாதிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வாழ்நாளெல்லாம் நொண்டியிருப்பர். ஆயினும், குணப்படுத்தும் ஆர்வமே குறைபாட்டைத் தரக்கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

வன்மை தோற்ற இடத்தில் மென்மை வென்றது. இத்தாலியின் பெராரா நகரில் குழந்தை மருத்துவராயிருந்த மரினோ ஒர்த்தோலானியிடம் ஒரு தாய் வந்தாள். குழந்தையைக் கழுவும்போதெல்லாம் இடுப்பில் ஏதோ சொடுக்குவது போல் இருக்கிறதென்றாள். அவர் அதனைப் பெண்ணின் வீண் அச்சமென்று ஒதுக்கவில்லை. குழந்தையின் தொடையை மெல்ல அகட்டிப் பார்த்தார். விலகியிருந்த பந்து கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே நழுவுவதே அச்சொடுக்கு என்று கண்டுகொண்டார். 1937இல் அவர் வெளியிட்ட அக்குறியே இன்று உலக மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளிடம் பார்க்கப்படுகிறது. தாய் கேட்ட ஓர் ஓசை பாடநூலாயிற்று. 1962இல் இங்கிலாந்தின் பார்லோ மற்றொரு சோதனையைச் சேர்த்தார். ஏறத்தாழ அறுபது குழந்தைகளுள் ஒன்றின் இடுப்பு பிறக்கும்போது தளர்ந்திருப்பதையும், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முதல் வாரத்திலேயே தாமாக இறுகிவிடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பவ்லிக் 1940களில் வகுத்த வார்க்கட்டு இம்மென்மையின் உச்சம் எனலாம். தோளிலிருந்து இறங்கும் வார்கள் குழந்தையின் கால்களை மடக்கி, சற்றே விலக்கித் தாங்குகின்றன. ஆனால், அசைவதைத் தடுப்பதில்லை. குழந்தை உதைக்கிறது, விளையாடுகிறது. அவ்வசைவாலேயே பந்து தன் இடத்தைத் தேடி அமர்கிறது. மருத்துவரின் கை செய்ய முயன்று கெடுத்ததைக் குழந்தையின் கால்களே செய்துகொள்கின்றன. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கினால் பத்துக் குழந்தைகளுள் எட்டு, ஒன்பது குழந்தைகள் கத்தி காணாமலே தப்பிவிடுகின்றனர். ஆறு மாதத்திற்குப் பின் அதன் பயன் வெகுவாகக் குறைகிறது.

கால்களை நீட்டி நெருக்கி இறுகச் சுற்றிவைக்கும் வழக்கமுள்ள மக்களிடையே இக்குறைபாடு மிகுதியாகவும், குழந்தையை இடுப்பிலோ முதுகிலோ கால் அகட்டி ஏற்றிச் சுமக்கும் மக்களிடையே அரிதாகவும் இருப்பதை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஜப்பானில் 1975ஆம் ஆண்டில், கைக்குழந்தையின் கால்களை நீட்டிக் கட்டக்கூடாது என்று நாடளாவிய பரப்புரை தொடங்கப்பட்டது; அதன்பின் இந்நோய் பெருமளவு குறைந்தது. தமிழ்த் தாய்மார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தும், பெருக்கியும், அண்டை வீட்டாரிடம் கதை பேசியும் வந்தது எலும்பு நூல் கற்றன்று. கை வேலைக்கு வேண்டியிருந்தது. ஆதலால் பிள்ளை இடுப்புக்குப் போயிற்று. பயன் என்னவோ ஒன்றுதான். அதற்காக, பழையன எல்லாம் அறிவியலே என்று மார்தட்டுவதும் பொருந்தாது. பிறந்த குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உதறிக் குளிப்பாட்டும் வழக்கமும் பழையதே. அதனை எந்த மருத்துவரும் ஒப்பமாட்டார்.

இனி, கத்தி இன்றியமையாத இடம். ஒன்றரை வயதுக்குப் பின்னரே கண்டுபிடிக்கப்படும் குழந்தையை வார்க்கட்டால் திருத்த இயலாது. மூட்டைத் திறந்து, உள்ளே அடைத்துக்கொண்டிருப்பவற்றை அகற்றி, பந்தை அமர்த்த வேண்டும். அமர்த்தினாலும் ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. கால் மடங்கி அகன்றிருக்கும்வரை பந்து நிற்கும். பிள்ளை எழுந்து நின்றதும் மீண்டும் நழுவும். கனடாவின் டொராண்டோ நகரத்துக் குழந்தை மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் சால்ட்டர் இதனை வேறு கோணத்தில் நோக்கினார். இப்பிள்ளைகளின் கிண்ணம் ஆழமற்றிருப்பது மட்டுமன்று. திசைமாறி, முன்னோக்கியும் பக்கவாட்டிலும் பார்த்திருக்கிறது என்பதை அவர் கண்டார். காலைக் கிண்ணத்திற்கேற்பத் திருப்பிவைத்தே அதுகாறும் பழகியிருந்தனர். கிண்ணத்தையே காலுக்கேற்பத் திருப்பினால் என்ன என்பது அவர் வினா. 1957இல் அதனைச் செய்து பார்த்தார். 1961இல் உலகிற்கு அறிவித்தார்.

அவ்வறுவையின் வகை கேட்கத்தக்கது. கிண்ணத்திற்குச் சற்று மேலே இடுப்பெலும்பை ஒரே நேர்கோட்டில் குறுக்கே அறுத்துவிடுகின்றனர். அறுக்கும் கருவி முறுக்கிய கம்பியாலான ரம்பம். அதனை 1890களில் படைத்த ஜிக்லி என்னும் இத்தாலியர் எலும்பு மருத்துவரல்லர். இடர்ப்பட்ட பிரசவங்களில் தாயின் இடுப்பெலும்பை அறுத்து வழி உண்டாக்குவதற்காக அமைத்த மகப்பேற்று மருத்துவர். அறுத்த பின் கீழ்த்துண்டு கிண்ணத்தோடு தனியே அசைகிறது. இரு இடுப்பெலும்புகளும் முன்புறத்தில் கூடுமிடம் குழந்தைகளிடம் கதவின் கீல் போல் நெகிழும். அக்கீலைப் பற்றுக்கோடாகக் கொண்டு கீழ்த்துண்டை முன்னும் வெளியும் சாயும்படி திருப்புகின்றனர். மழைச்சாரல் வரும் பக்கம் கூரையைத் தாழ இறக்கியது போல், கிண்ணத்தின் மேற்பகுதி இப்போது பந்தின் தலைக்குமேல் கவிகிறது. திருப்பியதால் மேலே விரிந்த பிளவில், அதே குழந்தையின் இடுப்பு விளிம்பிலிருந்து எடுத்த முக்கோண எலும்புத்துண்டை ஆப்பாகச் செருகிக் கம்பிகளால் நிலைப்படுத்துகின்றனர். அயற்பொருள் எதுவும் நிலையாக உள்ளே தங்குவதில்லை. எலும்பு கூடியபின் கம்பியும் எடுக்கப்படுகிறது. ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கே இது பெரிதும் ஏற்றது. வயது ஏற ஏறக் கீல் இறுகிவிடும்.

அறுவை சில மணி நேரத்தில் முடியும். பெற்றோர்க்குத் துன்பம் அதன்பின்தான். மார்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. ஏறத்தாழ ஆறு வாரம். ஓடித்திரிந்த பிள்ளை மரப்பொம்மை போல் கிடக்கும். குளிப்பாட்ட இயலாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கழிப்பதற்கு விட்டிருக்கும் இடைவெளியில் கட்டு நனையாமல் காப்பது இரவும் பகலும் நீளும் வேலை. வெப்ப நாடுகளில் கட்டினுள் வேர்வையும் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். கட்டை வெட்டும் நாளில் ரம்பத்தின் இரைச்சலுக்கே பிள்ளை அலறும். பிரித்தபின் கால் மெலிந்து, தோல் உரிந்து, வேறெவருடைய காலோ போல் தோன்றும். தாய் அப்போதுதான் அழுவாள். ஆறு வாரமும் அழ நேரம் இருந்திராது.

பள்ளிப்பருவத்தில் தோன்றும் இடுப்புநோய்கள் வேறு. நான்கு முதல் எட்டு வயதுக்குட்பட்டோரை, அவர்களுள்ளும் ஆண் பிள்ளைகளையே மிகுதியாகத் தாக்கும் ஒரு நோயில், பந்திற்குச் செல்லும் இரத்தம் காரணம் விளங்காமலே குன்றுகிறது. 1910ஆம் ஆண்டில் பாஸ்டனில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதனை எழுதினர். அதற்குமுன் இது இடுப்புக் காசநோயாகவே கருதப்பட்டு வந்தது. பந்து மென்மையாகி நொறுங்கி, ஈராண்டு முதல் நான்காண்டுகளில் மீண்டும் தானே கட்டமைகிறது. அது மென்மையாயிருக்கும் காலத்தில் கிண்ணத்தினுள்ளேயே அடங்கியிருக்கச் செய்வதுதான் மருத்துவம். கிண்ணமே அச்சாக நின்று பந்தை உருட்டியெடுக்கிறது.

மற்றொன்று, ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. பத்து வயதிற்கும் பதினாறு வயதிற்கும் இடைப்பட்ட, பெரும்பாலும் பருமனான பிள்ளைகளிடம், பந்தும் தொடையெலும்பின் கழுத்தும் கூடும் வளர்ச்சிக் குருத்துப் பிளந்து பந்து பின்புறமாகச் சரிகிறது. இதன் வஞ்சகம் யாதெனில், நோய் இடுப்பில், வலி முழங்காலில். இரண்டிற்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் மூளை ஏமாறுகிறது. மூளை ஏமாறும்போது மற்றவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அவ்வாறே பல வாரங்கள் நொண்டினான். "முட்டிதான் வலிக்கிறது, டீச்சர்" என்று அவன் சொன்னான். வீட்டில் பாட்டி தைலம் தேய்த்து உருவிவிட்டார். விளையாட்டுப் போட்டிப் பயிற்சிக்கு வராமலிருக்க நடிக்கிறான் என்று உடன்பயிலும் பிள்ளைகள் கேலி செய்தனர். முழங்காலை மட்டும் படமெடுத்துப் பார்த்து, குறையொன்றுமில்லை என்று ஓரிடத்தில் திருப்பியும் அனுப்பிவிட்டனர். வகுப்பாசிரியை அவன் வரிசையில் நிற்பதைக் கூர்ந்து கவனித்து வந்தார். வலக்கால் பாதம் மட்டும் நாளுக்கு நாள் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. வலிப்பதாக நடிக்கும் பிள்ளை நொண்டுவான். பாதத்தை மறவாமல் ஒரே கோணத்தில் திருப்பிவைக்கமாட்டான் என்பது அவர் எண்ணம். அவனுடைய தாயை அழைத்து, "அக்கா, இது முட்டியில் இல்லை போலிருக்கிறது. இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; நாளைக்கென்று தள்ளாதீர்கள்" என்றார். தாய் மறுநாள் வேலைக்குச் செல்லவில்லை. இடுப்பை எடுத்த படத்தில் பந்து சற்றே சரிந்திருந்தது. அன்றே அவனைக் காலூன்ற விடாமல் படுக்கையில் கிடத்தி, ஒரேயொரு திருகாணியைச் செலுத்திப் பந்தை இருந்த இடத்திலேயே நிறுத்தினர். சரிந்ததை நேராக்க வலிந்து முயலவில்லை. முயன்றால் இரத்தக்குழாய் நெரியும். லோரன்ஸின் காலத்துப் பாடம் அங்கேயும் நின்று காத்தது. கவட்டுக்கோல்களோடு அவன் வகுப்பிற்குத் திரும்பியபோது, கேலி செய்தவர்களே அவனுடைய பையைச் சுமக்கப் போட்டியிட்டனர். பிள்ளைகள் அப்படித்தான்.

வளர்ச்சி முடிந்தும் கிண்ணம் ஆழமற்றே நின்றுவிட்ட இளைஞர்க்கு, சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் 1984இல் ஒரு வழி கண்டார். கிண்ணத்தைச் சுற்றிப் பல இடங்களில் அறுத்து, அதனை மட்டும் விடுவித்துத் திருப்பியமைக்கும் முறை அது. பின்புறத் தூணெலும்பை அறுக்காமல் விட்டதே அதன் நுட்பம். இடுப்பு வளையம் குலையாததால் மாவுக்கட்டுத் தேவையில்லை; கோலூன்றி விரைவில் எழலாம். பதினெட்டு, இருபது வயதில் இடுப்பு வலியோடு வருவோர்க்கு இது பெரும் வரம். உலோக மூட்டுப் பொருத்தும் முறை 1960களிலிருந்தே சிறப்புற வளர்ந்துள்ளதே, அதனையே செய்துவிடலாகாதா என்று கேட்பர். முதியவர்க்கு அது போதும். இருபது வயதினர்க்குப் பொருத்தும் மூட்டோ அவருடைய வாழ்நாளிலேயே தேய்ந்து, மீண்டும் மாற்ற வேண்டியதாகக்கூடும். சொந்த எலும்பை இயன்றவரை காப்பதே எலும்பு மருத்துவர்களின் நோக்கம்.

சால்ட்டரின் கத்தி அந்நோக்கத்தை எவ்வளவு காலம் நிறைவேற்றியது என்பதற்குக் கணக்கு உண்டு. 1958க்கும் 1965க்கும் இடையில், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் அவரிடம் அறுவை பெற்ற குழந்தைகளைப் பின்னாளில் தேடிக் கண்டறிந்து ஆராய்ந்த செய்தி 2007இல் வெளியாயிற்று. அவரும் அதனை எழுதிய மூவருள் ஒருவர்; அப்போது அவருக்கு எண்பதைக் கடந்த வயது. முப்பது ஆண்டுகள் வரை ஏறத்தாழ அனைவருடைய மூட்டும் நிலைத்திருந்தது. நாற்பதாம் ஆண்டில் நூற்றுக்கு எண்பத்தாறு எஞ்சின. நாற்பத்தைந்தாம் ஆண்டில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. அக்குழந்தைகள் அப்போது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர்.